நாற்காலியோடு பள்ளிக்கூடம் போக ஒரு வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பையனுக்கு 12 வயது. டூஷென் தசைச்சிதைவு நோய். தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வீடு. நாலு கிலோமீட்டர் தள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அப்பா வயரிங் வேலை பார்க்கிறார். அம்மா முன்பு பீடி சுற்றினார்; பையனின் நடை நின்ற பிறகு அதை விட்டுவிட்டார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்காவும், அப்பாவைப் பெற்ற ஆச்சியும் வீட்டில் இருக்கிறார்கள். இவர்கள் எங்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: வீல்சேரோடு பையனை ஏற்றிப் போகிற மாதிரி ஒரு வண்டிக்கு ஏதாவது வழி உண்டா?

நான் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்ய வழி பண்ணித் தரும் சிகிச்சையாளர். இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு நாங்கள் எல்லோருமே 'டீச்சர்'தான். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அளவுகளில் கை வைக்கவில்லை.

இப்படி ஒரு கோரிக்கை வந்ததும் நம்மில் பலர் நேராக வண்டி தேடக் கிளம்பிவிடுகிறோம். எந்த வண்டி, என்ன விலை, யார் நன்கொடை தருவார்கள் என்று பேச்சு போகிறது. இந்த வீட்டில் காரியம் நடந்தது வேறு வரிசையில்: முதலில் பையனின் உடம்பு, அப்புறம் அவன் நாற்காலி, அப்புறம் ஏறும் இடமும் இறங்கும் இடமும், கடைசியில் வண்டி. இதே கோரிக்கையோடு நிற்கும் வேறு குடும்பங்களுக்கும் அந்த வரிசை உதவும் என்று நினைக்கிறேன்.

உடம்பு

டூஷென் என்பது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும் மரபணுக் கோளாறு. தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாவதில்லை. அதனால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்கின்றன. எக்ஸ் குரோமோசோம் வழியாக இறங்குவது என்பதால் தாய்வழியில் யாருக்காவது இருந்ததா என்று விசாரிப்போம். அம்மாவின் தம்பி ஒருவர் 19 வயதில் இறந்திருக்கிறார். 'நடக்க மாட்டாமப் போயிட்டான்' என்பதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவனுக்கு ஐந்து வயதிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கெண்டைக்கால் தடித்திருந்தது, தரையிலிருந்து எழும்போது சொந்தத் தொடையில் கை ஊன்றி ஏறி எழுந்தான். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். அது நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும், கூடவே எலும்பைப் பலவீனப்படுத்தும், எடையையும் ஏற்றும். பத்தரை வயதில் நடை நின்றது.

வண்டிப் பேச்சுக்கு இந்த நோயில் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணமாகக் குழந்தையைத் தூக்க வேண்டுமானால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவோம். தோள்பட்டைத் தசை போய்விட்ட பையனை அப்படித் தூக்கினால் தோள் மேலே போய்விடும், உடம்பு நம் கையிலிருந்து வழுகிக் கீழே இறங்கும். அவனை ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் மறு கையை முதுகிலும் கொடுத்துத்தான் தூக்க முடியும். 38 கிலோ பையனைக் குனிந்து அப்படித் தூக்கி ஆட்டோவின் தாழ்ந்த கம்பிக்குள் நுழைத்து உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த அம்மாவின் இடுப்பு சொல்லும். தவறவிட்டால் விளைவும் பெரியது. ஸ்டீராய்டு எடுக்கும் டூஷென் பையன்களுக்குச் சின்ன விழுதலிலேயே தொடை எலும்பு முறியலாம். முறிவுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் பாதிக்கும் ஆபத்தும் இவர்களுக்கு உண்டு. 'வண்டி கெடக்கட்டும், தூக்கி ஏத்திக்கலாம்லா' என்று உறவுக்காரர்கள் சொன்னபோது, அப்பாவிடம் நான் விளக்கியது இதைத்தான்.

அடுத்தது முதுகு. நடை நின்ற பிறகு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கும். கழுத்துத் தசையும் தளரும். ஆட்டோ திடீரென்று பிரேக் போட்டால் தலை முன்னால் விழும். தானாக நிமிர்த்திக்கொள்ள அவனால் முடியாது. அவன் உட்காரும் இடம் அவன் உடம்புக்கு அளவெடுத்ததாக இருந்தாக வேண்டும். அப்படி ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது, அவன் நாற்காலி. அதை விட்டு அவனை இறக்காமலே கொண்டுபோக வழி தேடுவதுதான் எங்கள் வேலை என்று அப்போதே தெளிவாகிவிட்டது.

பயணம் நின்ற விதம்

நடக்கும்வரை அப்பாவின் மொபெட்டில் போனான். நடை தளர்ந்த பிறகு அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்காரவைத்து, துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்கும் பிறகு ஆட்டோ: அம்மா மடியில் சாய்த்துக்கொண்டு போவார், மடக்கு வீல்சேர் ஆட்டோவின் பின்னால் வரும். பள்ளியில் அவனை இறக்கி வீல்சேரில் உட்காரவைத்துவிட்டு அம்மா வராந்தாவிலேயே சாயங்காலம்வரை இருப்பார், ஒன்றுக்குப் போகத் தூக்க வேண்டுமே. பையன் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். சிறுநீரை அடக்கும் பிள்ளைகளை இந்த வேலையில் நிறையப் பார்க்கிறோம். கோடையில் அதனாலேயே காய்ச்சல் வந்து படுப்பார்கள்.

அம்மாவிடம் தூக்குவது பற்றிக் கேட்டபோது சொன்னார்: "என்னால தூக்க முடியும் டீச்சர். அவன்தான் 'வேண்டாம்மா, எல்லாரும் பாக்காங்க'ங்கான்."

அதன் பிறகு அரசுத் திட்டத்தில் பேட்டரி வீல்சேர் வந்தது. தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மின்கலத்தில் ஓடும் நாற்காலியைத் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. குறை சொல்ல முடியாத திட்டம். விரல் நுனியில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் போதும், யாரையும் கூப்பிடாமல் தெருமுனைவரை போய்விடுவான். ஆச்சிக்கு வெற்றிலை வாங்கி வருவது அவன் வேலை ஆனது.

அந்த நாற்காலியேதான் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியது. எடை பேட்டரியோடு 65 கிலோ. மடங்காது. ஆட்டோவில் ஏறாது. ஒன்று பையன் பள்ளியில், நாற்காலி வீட்டில். இல்லாவிட்டால் இரண்டும் வீட்டில். பழைய மடக்கு வீல்சேரில் முதுகு சாயத் தொடங்கியிருந்ததால் அதில் நாள் முழுக்க உட்காரவைக்கவும் கூடாது. ஆறாம் வகுப்புப் பாதியில் வருகைப் பதிவேட்டில் அவன் 'வீட்டுவழிக் கல்வி' ஆனான். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்தார்.

கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், கடுமையான இயலாமை உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே படிக்கும் விருப்ப உரிமையைத் தந்தது. அது குழந்தைக்கும் பெற்றோருக்குமான தேர்வு. வண்டி இல்லை என்பதற்காக ஒரு பையன் வீட்டுவழிக் கல்விக்குப் போனால் அதை யாருடைய தேர்வு என்று சொல்வது? ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆவது பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது: குழந்தைக்கும், அதிக உதவி தேவைப்படும் குழந்தை என்றால் உடன் வருபவருக்கும், பள்ளிக்குப் போக்குவரத்து வசதி தர வேண்டும். நடைமுறையில் அது ஒரு சிறு பயணப்படியாக வந்து நிற்கிறது. ஆட்டோவில் ஏற முடிகிற குழந்தைக்கு அந்தப் படி உதவும். இவனுக்கு ஆட்டோவே உதவாதபோது ஆட்டோக் கூலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேருந்தில் இலவசப் பயணச் சலுகை இருக்கிறது. ஏற மூன்று படிகளும் இருக்கின்றன. சென்னையில் 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு அந்தக் காற்று இன்னும் வீசவில்லை.

வந்த முதல் உதவி

ஊரிலிருந்து வெளியூர் போய்ச் செட்டிலான சிலர் சேர்ந்து உதவ முன்வந்தார்கள். நல்ல மனிதர்கள். பழைய சிறு கார் ஒன்றைப் பார்த்து, முன்னிருக்கையைக் கதவுப் பக்கமாகத் திரும்பும் இருக்கையாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்படிப்பட்ட இருக்கை இப்போது இந்தியாவிலேயே கிடைக்கிறது. மூட்டுவலி உள்ள முதியவருக்கு, பக்கவாதத்திலிருந்து தேறி வருபவருக்கு, இரண்டு கால்களும் செயலிழந்து, தன் கையால் உடம்பை நகர்த்த முடிகிற பாராபிளீஜியா உள்ளவருக்கு அது அருமையான ஏற்பாடு.

இவன் விஷயத்தில் தூக்குவது அப்படியே இருக்கும். நாற்காலியும் வீட்டிலேயே நிற்கும். நான் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிட்டான்: "சேர் வரலைன்னா நான் போயி என்ன செய்ய? பெஞ்சுல சாத்தி வைப்பாங்க."

நன்கொடையாளருக்கு 'வேண்டாம்' என்று சொல்வது எங்கள் தொழிலில் தர்மசங்கடமான வேலை. குடும்பத்துக்கு இன்னும் கஷ்டம். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாதவர்கள் என்று பேர் வந்துவிடும். அதனால் மறுப்பை நான் எழுத்தில் கொடுத்தேன், காரணங்களோடு, ஒரு பக்கத்துக்குள். அதைப் படித்துவிட்டு அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி, 'அப்படின்னா எவ்வளவு பெரிய வண்டி வேணும்?' அளவெடுக்கும் வேலை அங்கிருந்து தொடங்கியது.

அளவு

நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலைவரை 122 செ.மீ. கால்மிதியின் நுனியிலிருந்து பின்சக்கரம்வரை நீளம் 106. ஜாய்ஸ்டிக்கோடு அகலம் 64. இரண்டும் சேர்ந்த எடை 103 கிலோ. இந்த நாலு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அந்த அட்டையும் டேப்பும் கூடப் போயின.

எல்லோரும் முதலில் சொல்வது மாருதி ஈக்கோ வேன்தான். விலை கட்டுப்படியாகும், எல்லா ஊரிலும் மெக்கானிக் உண்டு. ஆனால் அது பின்சக்கரம் இழுக்கும் வண்டி. இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது, அங்கிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு தளத்துக்குக் கீழே பின்னச்சுவரை ஓடுகிறது. அதனால் தளத்தை வெட்டித் தாழ்த்த வழியில்லை. தாழ்த்தாமல் ஏற்றிப் பார்த்தால், நாங்கள் பார்த்த வண்டியில் அவன் தலைக்குப் பின்கதவின் திறப்பு நாலு விரல் குறைந்தது. 'குனிஞ்சுக்கிட்டா போச்சு' என்றார் வண்டிக்காரர். குனிந்தால் நிமிர முடியாத பையன் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மெத்தையை எடுத்துவிட்டு உயரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அது அழுத்தப் புண்ணில் கொண்டுபோய் விடும்.

கூரை உயர்ந்த வேன் வேண்டும், தளம் தாழ்வாக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வேனில் தளத்துக்கு அடியில் தண்டு ஓடாது, தளத்தைத் தாழ்வாகவே அமைக்க முடியும். டாடா விங்கர் அந்த வகை. ஆம்புலன்ஸாகவும் பள்ளி வேனாகவும் நிறைய ஓடுவதால் பழைய வண்டி கிடைக்கும். ஒன்று கிடைத்தது, முன்பு பள்ளி வேனாக ஓடியது. பக்கத்துச் சறுக்குக் கதவு வழியாக அவன் தலை தட்டாமல் உள்ளே போனது. தளத்தின் உயரம் 55 செ.மீ.

இங்கே சாய்தளக் கணக்கு வந்தது. கட்டடங்களுக்கான விதி 1:12, ஒரு அடி ஏற 12 அடி நீளம். அதன்படி 55 செ.மீ. ஏற 6.6 மீட்டர் வேண்டும், தெருவே அத்தனை அகலம் கிடையாது. வண்டியோடு வரும் மடக்கு சாய்தளங்களைச் செங்குத்தாக, 1:4 வரைகூடப் போடுகிறார்கள். அப்போதும் 2.2 மீட்டர் நீளம் வரும். அந்தச் சரிவில் பேட்டரி நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். கீழே நின்று தாங்குகிற ஆளின் மேல் 103 கிலோவும் வந்து விழும். மின்சாரத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட் போடலாம்தான். அதன் விலை பழைய வேனின் விலையை எட்டிப் பிடித்தது.

தீர்வு திண்ணையில் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையின் உயரம் 48 செ.மீ. வீட்டுத் தளமும் அதே மட்டம். வேனை இடப்பக்கம் திண்ணையை ஒட்டி நிறுத்தினால் மேலே ஏற வேண்டியது 7 செ.மீ. மட்டுமே! பள்ளியில் அளந்தோம்: வராந்தா 45 செ.மீ.; மறுபக்கம் ஏற்கெனவே சாய்தளம் கட்டியிருந்ததால் வராந்தாவிலிருந்து வகுப்புக்கும் மைதானத்துக்கும் வழி இருந்தது. 10 செ.மீ. வித்தியாசத்துக்கு 1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு அலுமினியத் தட்டைப் பாலமாகப் போட்டால் சரிவு 1:12, விதிப்படியே.

அவன் பயணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான். வண்டியைத் தாழ்த்த லட்சக்கணக்கில் செலவழிக்காமல், ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் வண்டியின் உயரத்துக்குச் சரிசெய்தோம். திண்ணையின் ஒரு தூணை இடித்து, விளிம்பில் சக்கரம் தாண்டாதபடி மூன்று அங்குலக் கட்டு எழுப்பினார் கொத்தனார். பள்ளி வராந்தாவில் கைப்பிடிக் கம்பியின் ஒரு பகுதியைக் கதவாக மாற்றிக்கொள்ள ஹெச்.எம். ஒப்புக்கொண்டார். அடிக்கடி போகாத ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மட்டும் நீளமான மடக்கு சாய்தளமும், பின்னாலிருந்து தாங்க இரண்டு ஆட்களும்.

இந்த யோசனை எங்கும் பொருந்தாது. திண்ணை இல்லாத வீடு, மாடி வீடு, வண்டி ஒட்டி நிற்க முடியாத சந்து என்றால் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கட்டி நிறுத்துவது

பெரிய ஊர்களில் சக்கர நாற்காலிக்கென்று வாடகை வண்டி வைத்திருப்பவர்களிடம் நாற்காலியை வண்டித் தளத்தோடு கட்டும் பட்டைகள் இருக்கும். நம் பக்கத்தில் நாற்காலியைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதில்தான் எனக்குப் பெரிய பயம்.

வண்டிக்குள் இருக்கையாகப் பயன்படும் சக்கர நாற்காலிக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 7176இன் 19ஆவது பகுதி. மணிக்கு 48 கி.மீ. வேகத்தில், புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையில் மோதவைத்துச் சோதிப்பார்கள். இவனுடைய நாற்காலி அந்தச் சோதனைக்குப் போனதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துத்தான் தளத்தில் கொக்கிகளை அமைக்கச் சொன்னேன். 65 கிலோ நாற்காலி, 20 மடங்கு என்றால் 1,300 கிலோ இழுப்பு. பட்டறைக்காரர் வாயைப் பிளந்தார். "ஒண்ணேகால் டன்னுக்கு மேலயா? ஒரு காரோட வெயிட்டுல்லா சொல்லுதீங்க!" அவர் தளத் தகட்டின் மேலேயே கொக்கியை வெல்டு வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். மோதலில் அந்தத் தகடு கிழிந்து கொக்கியோடு வந்துவிடும். தகட்டைத் துளைத்து, கீழே குறுக்குச் சட்டத்தோடு தடித்த தகடு கொடுத்து போல்ட் போட்டார். வேலை தெரிந்த மனிதர். காரணம் புரிந்த பிறகு நான் கேட்டதைவிடக் கனமாகவே செய்தார்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நாலு பட்டைகள். சக்கரத்திலோ கைப்பிடியிலோ மாட்டக் கூடாது, சட்டகத்தில்தான் மாட்ட வேண்டும். நாற்காலி முன்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கக் கதவு வழியே ஏறியவன் உள்ளே முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவதற்காக இரண்டு வரிசை இருக்கைகளைக் கழற்றினோம். பையனுக்குத் தனியாக மடியும் தோளும் பிடிக்கிற பெல்ட். அது வண்டியின் உடம்பில் இணைந்திருக்கும். நாற்காலியோடு வருகிற இடுப்புப் பட்டை அவன் சரியாமல் உட்கார மட்டுமே உதவும், மோதலுக்கு ஆகாது. இதைப் பெற்றோர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். தலைக்குப் பின்னால் ஒரு தாங்கி. ஓடும்போது ஜாய்ஸ்டிக் அணைத்திருக்க வேண்டும்.

அவன் கேட்டது ஒன்றுதான்: ஜன்னல். பேட்டரி நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் மற்ற பயணிகளைவிட உயரத்தில் இருக்கும். பல வேன்களில் ஜன்னலுக்கு மேலே உள்ள தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கொக்கிகளின் இடத்தைக் குறிப்பதற்கு முன்னால் அவனை உள்ளே உட்காரவைத்து, வெளியே தெரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாக்பீஸ் போட்டோம்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரத்துக்கு மாறாக உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. இயலாதவருக்காக மாற்ற இடம் உண்டு. அப்படி மாற்றிய வண்டிக்குச் சட்டத்தில் இருந்த பழைய பெயரை 2019 திருத்தம் எடுத்துவிட்டு, 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்று வைத்தது. வரையறையின் கடைசியில் ஒரு நிபந்தனை தொங்குகிறது: அந்த வண்டி இயலாதவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்பட வேண்டும். வசதியுள்ள வீட்டில் இது பிரச்சினையே இல்லை, அவர்களிடம் இன்னொரு கார் இருக்கும். வயரிங் வேலைக்குப் போகும் ஒருவர், வீட்டில் நிற்கும் ஒரே வேனைப் பகலெல்லாம் சும்மா நிறுத்தி வைத்துக் கட்டுப்படியாகுமா? சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இந்த வீடு இருந்திருக்காது.

வரிச் சலுகையும் அப்படித்தான். எலும்பு, தசை சார்ந்த இயலாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்குக் கார் வாங்கும்போது 28க்குப் பதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்தது. ஆனால் நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. என்ற எல்லைக்குள். சக்கர நாற்காலி உருண்டு ஏறி நிற்கக்கூடிய வண்டி அந்த எல்லைக்குள் அடங்குவதே அபூர்வம். காரின் இருக்கைக்கு மாறி உட்காரக்கூடியவர்களை மட்டும் நினைத்து எழுதிய சலுகை அது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம் ஆகிவிட்டதால், அந்தச் சலுகைக்கு இப்போது பெரிய அர்த்தமும் இல்லை.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, சொந்த நடமாட்டத்துக்கான சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல், ஆள் உதவி ஆகியவற்றுக்குக் கட்டுப்படியாகும் விலையில் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று அரசுகளைப் பணிக்கிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய மோட்டபிலிட்டி ஏற்பாட்டில், கடும் நடமாட்டக் குறைபாட்டுக்கான உதவித்தொகை பெறும் மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர்கூட அந்தத் தொகையை ஒப்படைத்துவிட்டு, சக்கர நாற்காலி ஏறும் வண்டியைக் குத்தகைக்கு எடுக்கலாம். காப்பீடும் பராமரிப்பும் அதிலேயே அடக்கம். 41ஆவது பிரிவை அந்தத் திசையில் கொண்டுபோக இங்கே யாரும் கை வைக்காதது எனக்குப் புரிவதேயில்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இயலாதவர்களுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமான தரங்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது ஒரு வேனாக எங்கள் ஊருக்கு வந்து சேரப் பல காலம் ஆகும்.

கடைசியில் வண்டி குடும்பத்தின் பேரில் வாங்கப்படவில்லை. நன்கொடையாளர்கள் நடத்தும் சிறு அறக்கட்டளையின் பேரில் வாங்கி, பக்கத்து ஊர்களில் உள்ள இன்னும் இரண்டு இயலாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டோம். வேன் 4.6 லட்சம், உள் வேலைகள் 1.35 லட்சம், திண்ணையும் வராந்தாவும் 18,000 ரூபாய். மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றுவதும், இருக்கை எண்ணிக்கையைக் குறைத்து ஆர்.சி.யில் பதிவதும் வேனைத் தேடிக் கண்டுபிடித்ததைவிட அதிக நாள் எடுத்தன. அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில். பதிவு முடியும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பதியாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். அந்த வாரங்களில் அப்பாவுக்கு என் மேல் கோபம்தான். 'வண்டி வாசல்ல நிக்கி, பிள்ளை வீட்ல இருக்கான்' என்றார்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்திலிருந்து வண்டி ஓடுகிறது. காலையில் அப்பா ஓட்டுகிறார். பெற்றோர்களிடம் காசு வாங்கினால் அது வாடகை வண்டி ஆகிவிடும் என்பதால் டீசல் செலவு அறக்கட்டளையுடையது, அப்பாவின் ஓட்டுநர் வேலை அவர் பங்கு. சாயங்காலம்தான் இழுபறி. வயரிங் வேலையை நாலு மணிக்கு விட்டுவிட்டு வர முடியாத நாட்கள் இருக்கின்றன. சம்பளத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற டிரைவரை வைத்தார்கள். பட்டை மாட்டுவதற்குப் பொறுமை இல்லாமல் இரண்டை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பையனே பார்த்துவிட்டு, நாலும் மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். இப்போது பட்டைகளைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு.

அம்மா பள்ளி வராந்தாவில் காத்திருப்பதில்லை. ஆனால் கழிப்பறைப் பிரச்சினை தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. வேன் அவனைப் பள்ளிவரை கொண்டுபோய் விட்டது. கழிப்பறைக் கதவின் அகலம் 60 செ.மீ., நாற்காலி 64. மதிய இடைவேளையில் அம்மா இன்னும் ஒருமுறை பள்ளிக்குப் போகிறார். கதவை அகலப்படுத்த எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் மறுபடி பீடித் தட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறார், பாதி நாள் மட்டும்.

பையன் வகுப்பு கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறான். மழை பெய்தால் வராந்தா வரை வண்டி வர முடியாமல் சேறாகிவிடுகிறது, அந்த நாட்களில் விடுப்புதான். இதயப் பரிசோதனைக்கு ஒருமுறை வேனில் போய் வந்தார்கள். நீளச் சாய்தளத்தில் ஏற்றுவது இரண்டு ஆட்களுக்குமே கஷ்டமாக இருந்தது. இழுவைக் கம்பி சுற்றும் வின்ச் ஒன்றை அடுத்து வாங்குவதாக இருக்கிறோம்.

இந்த நோய் ஒரே இடத்தில் நிற்காது என்பதால் அளவுகளும் நிற்காது. முதுகு வளைவு கூடினால் இருக்கை முழுவதும் பின்பக்கம் சாயும் நாற்காலி தேவைப்படும். அதன் நீளம் 120 செ.மீ.க்கு மேல் போகும், எடையும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நாலு எண்களையும் புதிதாக எடுத்து அட்டையில் திருத்துகிறோம். தலைவரையிலான உயரம் இப்போது 124. பின்பக்கக் கொக்கிகளுக்கு அப்பால் 30 செ.மீ. தள்ளி இன்னொரு ஜோடி துளைகளைப் பட்டறைக்காரர் அன்றைக்கே போட்டு மூடி வைத்திருக்கிறார். அங்கே வைக்க வேண்டிய ஓர் இருக்கையை இன்னும் மாட்டவில்லை.